குரோமைட் மணிக்குள் வைரம்: பூமி வைத்ததா, ரம்பம் வைத்ததா?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க அம்பரப்பர் மலையைக் கேட்டபோது, செய்திகளில் அடிக்கடி அடிபட்ட பெயர் 'சார்னோகைட்'. அந்த மலையின் கெட்டியான பாறைக்கு அதுதான் பெயர். பூமியின் மேலோட்டுக்குள் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான கல் அது. ஆனால் மேலோட்டுக்கும் கீழே, 'மேன்டில்' அடுக்கிலிருந்து வந்த கல்லைப் பார்க்க தேனிக்காரர்கள் வடகிழக்கே காவிரிப் பக்கம் போக வேண்டும்.

அங்கே மணமேட்டில் இருப்பது சுமார் 80 கோடி ஆண்டு பழைய கடலடித் தரையின் மிச்சம் என்று 2010-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நிலத்தட்டுகள் மோதும்போது கடலடித் தரையும் அதன் கீழுள்ள மேன்டில் பாறையும் நிலத்தின் மேல் ஏறிவிடுவதுண்டு. அதற்குப் பெயர் ஓபியோலைட். கிரேக்கத்தில் 'பாம்புக்கல்' என்று பொருள். பச்சையும் கருப்புமாக, நிஜமாகவே பாம்புத்தோல் போலத்தான் இருக்கும்.

இந்தப் பாறைகளில் கிடைக்கும் கருப்பு மணிதான் குரோமைட். நம் வீட்டு எவர்சில்வர் தட்டில் இருக்கும் குரோமியம் இந்தக் கனிமத்திலிருந்து வருவது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குரோமைட் அடுக்குகள் உண்டு. (இஸ்ரோ நிலா மண் மாதிரி தயாரிக்கக் கல் எடுத்த அதே ஊர். ஆனால் அது ஓபியோலைட் அல்ல, வேறு வகைப் பாறை.)

குரோமைட் லேசில் கரையாது. சுற்றியுள்ள ஆலிவின் தண்ணீர் பட்டு உருமாறினாலும் இது அப்படியே நிற்கும். அதனால் உருவானபோது உள்ளே சிக்கிய துணுக்குகள் பத்திரமாக இருக்கும். ஆம்பிபோல் துணுக்கு இருந்தால், அந்தக் குழம்பில் நீர் இருந்தது என்று அர்த்தம். லாரைட் இருந்தால், அது ருத்தீனியமும் கந்தகமும் சேர்ந்த கனிமம், பிளாட்டினக் குடும்பத்துச் சொந்தம்.

சிக்கல் வைரத்தில் வந்தது. திபெத்தின் லுவோபுசா ஓபியோலைட்டில் வைரம் கிடைத்ததாக 1981-ல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தனர். பலர் நம்பவில்லை. காரணம் எளிது: பாறையை அறுக்கும் ரம்பத்திலேயே வைரத்தூள் இருக்கிறது. குவியல் குவியலாகக் கல்லை நொறுக்கிச் சலித்து எடுத்த வைரம் எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? பிறகு குரோமைட் மணிக்குள்ளேயே வைரம் இருக்கும் படங்களும் வெளிவந்தன. அப்படியும் 2019-ல் வேறொரு குழு, அந்த வைரங்களுக்குள் இருக்கும் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலவை தொழிற்சாலை வைரத்தில் இருப்பதைப் போலவே உள்ளது என்றது. சண்டை இன்னும் ஓயவில்லை. லடாக்கின் நிடார் ஓபியோலைட்டிலும் வைரம் உண்டு என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது.

இதில் ஏன் இவ்வளவு வாதம்? ஓபியோலைட் குரோமைட் பெரிய ஆழமில்லாத இடத்தில் உருவானது என்பதே பாடப்புத்தகக் கணக்கு. வைரத்துக்கோ சுமார் 150 கிலோமீட்டர் ஆழம் வேண்டும். வைரம் இயற்கை என்றால், கடலடிப் பாறை அவ்வளவு கீழே போய்த் திரும்பி வந்திருக்க வேண்டும்.

வைரத்தை விட்டுவிட்டாலும் ஒரு சாட்சி மிஞ்சுகிறது. அதே லுவோபுசா குரோமைட்டுக்குள் கோயசைட், பைராக்சீன் ஊசிகள் படிகத்தின் திசையை ஒட்டி வரிசையாக நிற்பதை 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோயசைட் என்பது அதீத அழுத்தத்தில் மட்டும் உருவாகும் சிலிக்கா. எந்த ரம்பமும் உள்ளே போய் இப்படி வரிசை கட்டி வைக்காது.

வைர வழக்கைத் தீர்க்க, மணியை உடைக்காமல் உள்ளே பார்க்க வேண்டும். நம் சர் சி.வி.ராமன் கண்டறிந்த விளைவில் இயங்கும் லேசர் கருவி, வைரத்தை நொடியில் அடையாளம் காட்டும். ஆனால் குரோமைட் ஒளிபுகாத கனிமம். லேசர் உள்ளே போக, மேற்பரப்பைத் தேய்த்துத் துணுக்கை வெளியே கொண்டுவர வேண்டும். வழக்கமாக அந்தத் தேய்ப்புக்குப் பயன்படுவதும் வைரப் பசைதான். அதனால்தான் கவனமுள்ள ஆய்வகங்கள் இதற்கு மட்டும் அலுமினாப் பொடிக்கு மாறிக்கொள்கின்றன.