அடையாற்றுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்: கரையோர மக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கு, அடையாற்றின் இரு கரைகளிலும் குடியிருப்போர் முன்வைப்பது:

ஆறும் ஏரியும் நீர்வளத் துறையிடம். தெரு மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். அதில் கலக்கும் கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம். கரையோரம் அடுக்குமாடி எழும்ப அனுமதி தருவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று எங்கே போனாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். ஆகவே படுகை முழுவதற்கும் சட்டப்படி ஒரே ஆணையம் அமைய வேண்டும். அதற்கென நிதி, உத்தரவிடும் அதிகாரம், ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் அறிக்கை, மூன்றும் வேண்டும். பெயர்ப்பலகை மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம்.

செம்பரம்பாக்கம் ஏரி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி உபரி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. அப்போது கரையோரங்களை மூழ்கடித்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது, 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கை அறிக்கை. வழியிலுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் ஆற்றில் சேர்ந்தது என்பது மறுதரப்பு வாதம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் குடிநீருக்கும் அதே ஏரிதான். 2019 கோடையில் அது வறண்டதை நாங்கள் மறக்கவில்லை. எவ்வளவு தேக்குவது, எப்போது திறப்பது என்ற முடிவை நள்ளிரவில் ஒரு பொறியாளர் தலையில் கட்டுவது அநியாயம். முழுமட்டமான 24 அடியில் எந்த மாதம் எத்தனை அடி வரை நிறுத்தலாம் என்ற மதகு விதியைத் தமிழில் வெளியிடுங்கள். மழை நாள்களில் வரத்தும் திறப்பும் மணிக்கு மணி தெரிய வேண்டும். ஒவ்வொரு திறப்புக்கும் உத்தரவிட்டவர் யார், எத்தனை மணிக்கு, எந்தத் தெருக்களுக்கு எச்சரிக்கை போனது என்பது பதிவில் இருக்க வேண்டும்.

ஆணையத்தில் தாழ்வான பகுதி மக்களின் பிரதிநிதிகள் வாக்குரிமையுடன் இருக்க வேண்டும். பார்வையாளர் நாற்காலி போதாது. தூர்வாரும் ஒப்பந்தமும் பில்லும் அந்தந்த வார்டிலேயே பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்றதும் குடிசையில் தொடங்கிக் குடிசையோடு முடித்துவிடும் பழக்கம் போகட்டும்: நீர்நிலைக்குள் எழுந்த பெரிய கட்டடங்களுக்கும் அதே நோட்டீஸ் போகட்டும்.

சென்னை வெள்ளத் தடுப்புக்காக 2021-இல் அமைக்கப்பட்ட திருப்புகழ் குழு 2023-இல் முதல்வரிடம் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகளில் எவை முடிந்தன, எவை கிடப்பில் உள்ளன என்ற பட்டியலைத் தாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் முதல் கூட்டத்தைக் கூட்டுங்கள், எங்களையும் அழையுங்கள்.