மலையகப் பள்ளிக்கு யந்திரம் மட்டும் போதுமா?

டிக்கோயாப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூடங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய சடங்கு வழக்கத்துக்கு வந்திருக்கிறது. வாசலில் வாழைமரம் கட்டுகிறார்கள். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று மாலை போடுகிறார்கள். விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத வகுப்பறையொன்றின் சுவரில் பெரிய கண்ணாடித் திரையொன்று பொருத்தப்பட்டு, அதன் முன்னே நாடா வெட்டப்படுகிறது. "இன்றோடு தோட்டத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் இடையே இருந்த வேற்றுமை ஒழிந்தது" என்று ஒரு பிரமுகர் முழங்குகிறார். படம் எடுக்கப்படுகிறது. வாகனங்கள் ஹட்டன் வீதியில் இறங்கி மறைகின்றன. மறுநாள் அந்தத் திரையின்மேல் பிளாஸ்டிக் உறையொன்று போர்த்தப்படுகிறது. கூரை ஒழுகுவதுதான் காரணம்.

இந்தச் சடங்கைக் குறித்துச் சில வார்த்தைகளை வெளிப்படையாகச் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். யந்திரத்தின்மீது நமக்குப் பகை கிடையாது. இரசாயனக் கூடம் இல்லாத பள்ளியில், அமிலமும் காரமும் கலந்து நிறம் மாறும் விந்தையைப் பிள்ளைகள் திரையிலேனும் காண்பது நல்லது. இருதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்பதை வெண்கட்டியால் வரைந்து காட்ட எத்தனை முயன்றாலும் ஆசிரியரால் இயலாது. ஒரு நிமிடப் படம் அதைக் காட்டிவிடும். கடலையே பார்த்திராத பிள்ளை கடலின் அடித்தளத்தைப் பார்ப்பது சாதாரண விஷயமா? ஆகவே "தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினி எதற்கு, கைத்தொலைபேசி கொடுத்தால் கெட்டுப்போவான்" என்று சொல்லும் நண்பர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அது பழைய துரைமாரின் வாதம். கூலிக்காரன் பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு, படித்தால் கொழுந்து பறிக்க ஆளேது என்று அவர்கள் கேட்டார்கள். அதே கேள்வி ஒழுக்கத்தின் பெயரால் மீண்டும் கேட்கப்படுகிறது.

நம் வழக்கு வேறு. ஆசிரியருக்குத் துணையாக வரவேண்டிய யந்திரம் ஆசிரியருக்குப் பதிலாக வருகிறது. உரிமையாக வரவேண்டியது தானமாக வருகிறது. கூரைக்கும் மின்சாரத்துக்கும் பின்னே வரவேண்டியது அவற்றுக்கு முன்னே வந்து நிற்கிறது. இதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

இந்த மலைகளின் மின்சாரக் கதையை நினைத்துப் பாருங்கள். லக்சபான மின் திட்டத்தின் முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கெசல்கமுவ ஓயாவை மறித்து எழுப்பிய காசல்ரீ அணையின் நீரைக் கொண்டு விமலசுரேந்திர மின்நிலையம் 1965இல் ஐம்பது மெகாவாட் உற்பத்திக்கு ஆயத்தமாயிற்று. டிக்கோயாவிலிருந்து நோர்வூட்டுக்குச் செல்லும் எவரும் அந்த நீர்ப்பரப்பைக் காணாமல் செல்லமுடியாது. அந்த நீர் கொழும்பின் வீதிகளை ஒளிரச் செய்தது, ஆலைகளை ஓட்டியது. அணையின் கரையில் வாழ்ந்த தொழிலாளியின் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலோ, பிள்ளைகள் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கின் புகையில் கண் எரிந்து படித்தார்கள். மின்சாரம் பிறந்த மலையில் மின்சாரம் கடைசியாகத்தான் வந்தது. விஞ்ஞானம் இங்கே வரவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. அது நம் தலைக்கு மேலே கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது.

கல்வியின் வரலாறும் அதே கதைதான். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. விளைந்தது என்ன? ஓர் ஓலைக் கொட்டகை அல்லது லயத்தின் ஒரு மூலை. ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அவரும் பல இடங்களில் பிரட்டுக்களத்துக் கணக்கையும் துரையின் கடிதத்தையும் கவனித்த பின்னர்தான் அரிச்சுவடியைத் தொட்டார். 1945இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தது என்று பெருமையோடு பேசுகிறோம். தோட்டப் பள்ளி அந்த நாட்டில் சேர்க்கப்படவில்லை. 1948இல் பிள்ளையின் தந்தையிடமிருந்து குடியுரிமையே பறிக்கப்பட்டது. 1960ஐ ஒட்டி உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளி வெளியே நின்றது. 1970களில், தோட்டங்கள் தேசியமயமான காலத்தில்தான், அரசின் கை இந்தப் பள்ளிகளைத் தொடத் தொடங்கியது. ஆக, நாடு ஓடத் தொடங்கி ஒரு தலைமுறை கழிந்தபின் நம்மைத் தொடக்கக் கோட்டில் நிறுத்தினார்கள். இன்று பரீட்சைப் பெறுபேறு வரும்போதெல்லாம் "மலையகம் பின்தங்கிய பிரதேசம்" என்கிறார்கள். பின்தங்கியதா, பின்தள்ளப்பட்டதா? தமிழில் இரண்டு சொற்களுக்கும் பொருள் வேறு.

இனி 2020ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், கொரோனாத் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. "கல்வி நிற்காது, இணையவழியில் தொடரும்" என்று அறிவித்தார்கள். அந்த நாட்களில் இந்தப் பள்ளத்தாக்கில் ஆசிரியப் பணி செய்தவர்கள் கண்டதை மறக்கமுடியுமா?

வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி. அது கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தந்தையின் கையில் இருந்தது. அல்லது மலைக்குப் போன தாயின் இடுப்பில் இருந்தது. தாய் கொழுந்து நிறுத்துக்கொடுத்து, நனைந்த படங்கை அவிழ்த்து வீடு சேரும்போது மாலை ஐந்து மணி. அதன் பின்னர் மூன்று பிள்ளைகள் அந்த ஒரே தொலைபேசிக்கு முறை வைத்தார்கள். லயத்துக்குள் அலை கிடைக்காது; ஆகவே தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேட்டுக்கு ஏறினார்கள். மழை பெய்தால் அன்றைய பாடம் மழையோடு போயிற்று. ரீலோட் தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை பாடம் தீர்ந்தது. வந்த பாடமும் எப்படிப்பட்டது? ஆசிரியர் கையால் எழுதிய குறிப்பைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். பிள்ளை உள்ளங்கையளவுத் திரையில் கண்ணை இடுக்கிக்கொண்டு அதைக் கொப்பியில் பிரதி செய்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதும் பழைய முறையே உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. இதற்குத்தான் டிஜிட்டல் கல்வி என்று பெயர் சூட்டினார்கள்! ஆசிரியரையும் குறைகூற முடியாது. அவரும் தம் சொந்தப் பணத்தில் ரீலோட் போட்டவர்தான்.

கணக்கையும் பார்ப்போம். 2020இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 700 ரூபாய். இருபத்தோராயிரம் ரூபாய்க்கு ஒரு தொலைபேசி வாங்குவதானால், உண்ணாமல் உடுக்காமல் முப்பது நாட் பேர் போட்டாகவேண்டும். மாதத்தில் முப்பது நாள் வேலை கொடுக்கும் தோட்டம் எங்கே இருக்கிறது? ஆயிரம் ரூபாய் நாட்கூலி வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். அதற்கும் எத்தனை ஆண்டுப் போராட்டம்! நாடு முழுவதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில் கணினி இருந்த அக்காலத்தில், தோட்டப்புறத்தில் அது பத்தில் ஒரு வீட்டில்கூட இல்லை. இந்நிலையில் "இணையவழிக் கல்வி எல்லோருக்கும் சமம்" என்று பேசுவது, பசித்தவனுக்கும் வயிறு நிறைந்தவனுக்கும் ஒரே சமையற் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சமத்துவம் பேசுவதற்கு ஒப்பாகும்.

அதன் பின்னர் 2022 வந்தது. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, பரீட்சைத் தாளுக்குக் கடதாசியும் இல்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருள் இல்லாமையால் மீண்டும் பள்ளிகளை மூடி, மீண்டும் இணையத்தைக் காட்டினார்கள். இடர் வரும்போதெல்லாம் முதலில் அறுந்துபோகும் நூலை நம்பி, இடர்காலக் கல்வியைத் தொங்கவிடுவது எவ்வகைத் திட்டமிடல்?

உலகம் இதில் கற்ற பாடங்களை நம் ஆட்சியாளர் அறியாதவர்களா? பெரு நாட்டிலே ஏழைக் கிராமப் பள்ளிகளில் இலட்சக்கணக்கான மடிக்கணினிகளைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகள் அதனால் முன்னேறவில்லை என்று கண்டது. கணினி இருந்தது, கற்பிக்கும் முறை மாறவில்லை. சுவீடன் தேசம் 2023இல் திரைகளைக் குறைத்து அச்சுப் புத்தகங்களுக்கு நிதி ஒதுக்கத் தொடங்கியது. இதே சுவீடன்தான் 1980களிலும் 90களிலும் நம் தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடம் எழுப்ப உதவியது என்பதை மூத்த ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். செல்வந்த நாடு புத்தகத்துக்குத் திரும்புகிறது. புத்தகமே சரியாகச் சேராத மலைக்குத் திரையை மட்டும் அனுப்பிவைத்தால் போதுமென்று நம்மவர் எண்ணுகிறார்கள்.

தமிழகத்தின் அனுபவமும் நமக்கு உதவும். அங்கே 2011 முதல் மாணவருக்கு மடிக்கணினி வழங்கினார்கள்; 2019இல் கல்விக்கென்றே ஒரு தொலைக்காட்சி தொடங்கினார்கள். எனினும் தொற்றுக்காலம் விட்டுச்சென்ற இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" என்ற பெயரில் மனிதர்களைத்தான் வீதிவீதியாக அனுப்பினார்கள். இலட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார்கள். அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று விலை வைத்ததை நாம் கண்டிக்கிறோம். ஆனால் திரையால் இயலாததை மனிதர் செய்தார்கள் என்ற உண்மையை யார் மறுக்கமுடியும்? கேரளத்தில் 2020 ஜூனில் பாடங்களைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியபோது, வீட்டில் பெட்டி இல்லாத பிள்ளைகளுக்காக நூல்நிலையங்களும் மாணவர் இளைஞர் இயக்கங்களும் பொது இடங்களில் பெட்டி வைத்தன. கருவியைப் பொதுவுடைமையாக்கினால்தான் அது கல்விக் கருவியாகும் என்பதற்கு இது சான்று.

இங்கோ மனிதரின் மதிப்பு என்ன? 2015ஐ ஒட்டிப் பெருந்தோட்டப் பள்ளிகளின் ஆசிரியப் பற்றாக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி ஏறத்தாழ மூவாயிரம் இளைஞர்களை "ஆசிரிய உதவியாளர்" என்ற பெயரில் சேர்த்தார்கள். கொடுத்த கொடுப்பனவு மாதம் 6,000 ரூபாய். நாளொன்றுக்கு 200 ரூபாய். அன்றைய தோட்டக் கூலியைவிடவும் குறைவு! அந்தப் பிள்ளைகள் அப்பணத்தில் பஸ் கட்டணம் கொடுத்து, மலையேறி, முழு ஆசிரியரின் வேலையைச் செய்தார்கள். பத்தாயிரமாக உயர்த்தவும் கோரிக்கையும் மறியலும் வேண்டியிருந்தன. திரைக்கு இலட்சங்களைச் செலவிடத் தயங்காத கை, அத்திரைக்கு உயிர்கொடுக்கும் மனிதனுக்கு நாணயத்தை எண்ணி எண்ணிக் கொடுக்கிறது. யந்திரம் சம்பளம் கேட்காது, சங்கம் அமைக்காது, வீதியில் இறங்காது. யந்திரத்தின்மீது மேலிடத்துக்கு இத்தனை காதல் பிறந்த இரகசியம் இதுதானோ என்று நாம் ஐயுறுகிறோம்.

இந்த மண்ணிலேயே வேறொரு முன்மாதிரி உண்டு. நூறாண்டுக்கு முன், அன்றைய நவீன யந்திரமான அச்சுயந்திரத்தைக் கோ. நடேசய்யர் தொழிலாளியின் கருவியாக்கினார். வெளியார் நுழையமுடியாத தோட்டத்துக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுப் புகுந்தவர் அவர். பிரசுரங்களை அவர் அச்சிட்டார்; அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடிக் கருத்தைப் பரப்பினார். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அச்சு எவ்வாறு பயன்பட்டது? ஒருவர் வாசித்தார், நூறுபேர் கேட்டார்கள். காகிதத்துக்கும் மக்களுக்கும் இடையே ஒரு மனிதன் நின்றான். அந்த மனிதன் இல்லாதிருந்தால், அக்காகிதம் கடையில் பொட்டலம் கட்டத்தான் உதவியிருக்கும்.

ஆகவே நாம் கோருவது யாதெனில்: விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இல்லாத பள்ளியில், திரைக்கு முன்னே ஆசிரியர் வரட்டும். திரை வரும் பள்ளியில் ஒழுகாத கூரையும் தடையற்ற மின்சாரமும் அதற்கு முன்பே வந்திருக்கட்டும். பழுதுபார்க்கும் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரால் கொழுந்து பறிக்கும் தாயின் தலையில் கட்டாமல், கல்வித் திணைக்களமே ஏற்கட்டும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும், இருக்கின்ற பொது மண்டபத்திலேயே, கணினியும் இணையமும் புத்தக அலுமாரியும் கொண்ட மாலைநேரக் கல்விக்கூடம் ஒன்று அமையட்டும். வேலைதேடிக் கொழும்புக்குப் பஸ் ஏறும் நம் படித்த இளைஞர் ஒருவர் நியாயமான சம்பளத்தோடு அதை நடத்தட்டும். சிங்களத்தில் ஆக்கியதை அவசர அவசரமாகப் பெயர்த்த தமிழை விடுத்து, நம் பிள்ளைக்கு விளங்கும் தமிழில், நம் ஆசிரியரே பாடங்களை ஆக்கட்டும்; இணையம் அறுந்தாலும் பார்க்கத்தக்கவாறு அவை பள்ளியிலேயே சேமிக்கப்படட்டும். இந்தியாவும் பிற நாடுகளும் தரும் உதவி எந்தப் பள்ளிக்கு எவ்வளவு சென்றது, கொடுத்த கருவிகளுள் இன்று எத்தனை இயங்குகின்றன என்ற கணக்கு ஆண்டுதோறும் பகிரங்கமாக்கப்படட்டும். 1992 முதல் இத்தோட்டங்களை நிர்வகித்து இலாபம் காணும் கம்பனிகளும் இதில் தம் பங்கைச் செலுத்தட்டும்.

ஆசிரிய நண்பர்களே, உங்களிடமும் ஒரு சொல். அலுமாரிக்குள் பூட்டிவைத்த கருவியின் சாவி பல இடங்களில் நம் கையில்தான் இருக்கிறது. உடைந்தால் விசாரணை வரும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் உடையாமலே பழசாகிப்போகும் கருவிக்கு யார் விசாரணை நடத்துவார்கள்? அதைத் திறவுங்கள், பிள்ளைகள் தொடட்டும். மாணவத் தோழர்களே, நீங்கள் பார்ப்பவர்களாக மட்டும் இராதீர்கள். உங்கள் லயத்தின் கதையை, உங்கள் பாட்டியின் பாட்டை, உங்கள் மலையின் மண்சரிவை நீங்களே பதிவு செய்யுங்கள், அதுவும் பாடமே.

அடுத்த முறை நாடா வெட்ட வருகிறவர்களை நாம் மரியாதையோடு வரவேற்போம். மாலை போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "ஐயா, இந்தத் திரையோடு வரவேண்டிய ஆசிரியர் எங்கே?" பதில் வரும்வரை மாலை நம் கையிலேயே இருக்கட்டும்.