குப்பை நிரந்தரம், ஆள் மட்டும் தற்காலிகமா?

2024இல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆயிற்று. பலகை பெரிதாயிற்று, தோழர்களே. தெருக் கூட்டுகிறவர் கூலி? மாநகராட்சிகளின் துப்புரவு வேலையை ஏஜென்சிகளிடம் விட 2022 அக்டோபரிலேயே 152ஆம் அரசாணை வழி திறந்துவிட்டது.

ஏஜென்சி யார்? இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணியை நம் கிராமங்கள் அறியும். ஆலை வாசலில் பதிலியாகக் காத்து நின்றவர்களும் அறிவார்கள். அதே தரகன்தான், கம்பெனிச் சட்டை மாட்டி வந்திருக்கிறான்! மாநகராட்சி கொடுக்கும் பணத்தில் அவன் பங்கு போக மிச்சமே கூலி. காண்டிராக்டர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கியவரே கொடுக்கவேண்டும் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது.

தனியாரிடம் எங்களைத் தள்ளாதே என்று 2025 ஆகஸ்டில் சென்னைத் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிச் சென்றது.

புதுக்கோட்டையில் நாம் கேட்கிறோம்: துப்புரவுத் தொழிலாளி பெயரை மாநகராட்சியே தன் பதிவேட்டில் எழுதட்டும்!