கம்ப்யூட்டர் சொல்வதைச் சோதிக்கப் பழக்குங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெற்றோர் பலர், "பிள்ளைகள் அறிவியல் படிக்க என்ன சாப்ட்வேர் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். எதுவும் வாங்க வேண்டாம் என்பேன். எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். கூடவே ஒரு தெர்மாமீட்டரும் ஒரு கப் வெந்நீரும் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது; 110 டிகிரி வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டராக இருக்கட்டும்.

கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவியுடன் இதைச் செய்து பார்த்தேன். பீங்கானுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம் அருகில் இருப்பதால் கப்புக்குப் பஞ்சமில்லை. வெந்நீர் 80 டிகிரி. அறை வெப்பநிலை 30 டிகிரி. பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாக அது ஆறும் என்பது நியூட்டனின் குளிர்வு விதி. நிமிடத்துக்கு அந்த வித்தியாசத்தில் 4 சதவீதம் குறையும் என்று ஊகித்துக் கொண்டோம்.

ஏ1 செல்லில் 80 என்று டைப் செய்யுங்கள். ஏ2 செல்லில் =ஏ1-0.04*(ஏ1-30) என்ற பார்முலாவைக் கொடுத்து (ஏ என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கவும்), ஏ21 வரை இழுத்து விடுங்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு நிமிடம். இதுதான் கம்ப்யூட்டர் மாடல்.

10வது நிமிடத்தில் 63 டிகிரி என்றது கம்ப்யூட்டர். தெர்மாமீட்டரோ 60 காட்டியது. "கம்ப்யூட்டர் தப்பா சொல்லாது மாமா, தெர்மாமீட்டர்தான் கெட்டுப் போயிருக்கும்" என்றாள் மாணவி.

என்னைக் கவலைப்பட வைத்தது இந்தப் பேச்சுதான். கம்ப்யூட்டர் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டது. 4 சதவீதம் என்ற ஊகம் எங்களுடையது!

விளக்கியதும் 0.04ஐ 0.05 ஆக மாற்றினாள். 10வது நிமிடம் அப்படியே பொருந்தியது. ஆனால் 20வது நிமிடத்துக்கு மாடல் 48 என்றது, தெர்மாமீட்டரில் 50. ஆக, எண்ணை மாற்றிப் பொருத்தினால் போதாது, காரணம் வேண்டும். "சூடா இருக்கும்போது ஆவி நிறைய போகுதே மாமா" என்று அவளே பிடித்துவிட்டாள். சாஸரால் மூடி மறுபடி அளந்தோம். வெந்நீர் மெதுவாகத்தான் ஆறியது. உடனே 60 டிகிரிக்கு மேல் 5 சதவீதம், அதற்குக் கீழே 4 சதவீதம் என்று இஃப் பார்முலாவில் திருத்தினாள். மூடாத கப்பின் அளவுகளோடு இரண்டு இடங்களிலும் பொருந்தியது. மறுநாள் புதிதாக அளந்து பார்த்த பிறகுதான் அதை நம்பினோம்.

நம் செய்முறை வகுப்புகளில் நடப்பது என்ன? 'வர வேண்டிய' விடைக்கு ஏற்ப ரீடிங் எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. தவறிய மாடலையும், திருத்திய காரணத்தையும் நோட்டில் எழுதும் மாணவருக்கே கூடுதல் மதிப்பெண் தர வேண்டும் என்பது என் கருத்து.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'பெட்' சிமுலேஷன்கள் அருமையானவை, இலவசமும் கூட. ஆனால் அவற்றையும் பொம்மைப் படம் போல் பார்த்தால் பயனில்லை. பட்டனை அழுத்துமுன் "என்ன நடக்கும்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முடிந்ததை வீட்டிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

2011 டிசம்பர் 30ல் நம் கடலூர் மாவட்டத்தைத் தாக்கிய தானே புயலை மறக்க முடியுமா? புயலின் பாதையைக் கணிக்கவும் கம்ப்யூட்டர் மாடல்கள்தான் உதவுகின்றன. புதிய அளவீடுகள் வர வர, வானிலை நிபுணர்கள் கணிப்பைத் திருத்திக் கொண்டே இருக்கிறார்கள். திருத்துவதில் வெட்கமில்லை, அதுதான் அறிவியல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கப் வெந்நீரோடு தொடங்குங்களேன். திரையில் தெரிவதெல்லாம் உண்மையல்ல என்று உங்கள் பிள்ளை தானே அளந்து தெரிந்து கொண்டால், கம்ப்யூட்டருக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை!