பீங்கான் கிண்ணமும் சிம்பொனியும்

சகோதரிகளே, சென்ற வாரம் மாப்பிள்ளையூரணியில் எதிர்வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி செல்போனில் மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டி ஒன்றின் கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அதை அமத்து! ராகமும் இல்லை, தாளமும் இல்லை, ஒரே இரைச்சல்!" என்று ஆச்சி ஒரு அதட்டல் போட்டாள்.

பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. மேல்நாட்டு முறையில் பிடில் கற்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. உத்தரவு தர வேண்டியவளோ ஆச்சி!

ஆச்சிக்கு நான் ஒரு விஷயம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஹென்றி கவல் என்று ஓர் அமெரிக்க சங்கீத மேதை. 1931-32ல் பெர்லின் நகரில் தங்கியிருந்தபோது, நம் சங்கீத சாஸ்திர நிபுணர் பி. சாம்பமூர்த்தியிடம் கர்நாடக சங்கீதம் பயின்றார். 1956-57ல் உலகச் சுற்றுப் பிரயாணம் செய்தபோது சென்னைக்கும் வந்தார். அதன் பலன் என்ன தெரியுமா? அவருடைய பதின்மூன்றாவது சிம்பொனிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்! 1959ல் நியூயார்க்கின் 'லிட்டில் ஆர்க்கெஸ்ட்ரா', தாமஸ் ஷெர்மன் தலைமையில் அதைச் சென்னையிலேயே அரங்கேற்றியது. மேல்நாட்டு வாத்தியங்களுக்கு நடுவே நம் ஜலதரங்கத்துக்கும் தபலா தரங்கத்துக்கும் அதில் இடம் உண்டு.

"கிண்ணத்துல தண்ணி ஊத்தித் தட்டுவாகளே, அதுவா?" என்றாள் ஆச்சி.

அதேதான். தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும்.

நம் கச்சேரியில் ஒரே ராகம் ஒற்றை இழையாக ஓடுகிறது. சிம்பொனியிலோ ஒரே சமயத்தில் பல இழைகள். புதிதாகக் கேட்பவருக்கு இரைச்சலாகத் தோன்றுவது சகஜம். முதல் தடவை பிடிலை மட்டும் தொடருங்கள்; அடுத்த தடவை புல்லாங்குழலை. மெள்ள மெள்ளச் சிக்கல் பிரியும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. நம் எட்டயபுரத்தில் 1835ல் மறைந்த முத்துஸ்வாமி தீட்சிதர், இங்கிலீஷ்காரர்களின் பாண்டு மெட்டுகளுக்கு சாகித்யம் செய்தவர். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அந்த மகானே காதைப் பொத்திக்கொள்ளவில்லை. நாம் ஏன் பொத்திக்கொள்ள வேண்டும்?

அதற்குள் பேத்தி அலமாரியிலிருந்த பீங்கான் கிண்ணங்களை எடுத்து வந்து வரிசையாக வைத்துவிட்டாள். ஆச்சி கரண்டியால் தட்டிப் பார்த்து, ஒன்றில் இரண்டு சொட்டுத் தண்ணீரைக் குறைத்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்:

"ஏட்டி, அந்தப் பிடிலு என்ன வெலை ஆகும்?"