ஜோர்டன் இல்லாத இரண்டு வருடங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டப் போட்டிகள் ஜூன் மாதத்தில் முடிவடைகின்றன. அடுத்த பருவம் ஒக்டோபர் கடைசியில்தான் ஆரம்பமாகும். இடையிலுள்ள நான்கு மாதங்கள் மைதானங்களுக்கு ஓய்வு. ரசிகர்களின் நாவுக்கு மட்டும் ஓய்வு இல்லை!

ஜூன் கடைசியில் புதிய இளம் வீரர்களைக் கழகங்கள் வரிசைமுறையில் தெரிவு செய்கின்றன. ஜூலை பிறந்ததும் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் கழகம் மாறுகிறார்கள். யார் எங்கே போகிறார், எத்தனை கோடி டொலர், யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள் என்பதே பேச்சாகிவிடுகிறது. ஓகஸ்ட் மாதமளவில் செய்திகளும் வற்றிப்போகும். அப்போதுதான் பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வருகிறது: எல்லாக் காலத்திலும் சிறந்த வீரர் யார்? இரண்டாமவர் யார்? பத்தாமிடம் யாருக்கு?

இந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. அளவுகோலை வைத்து ஆளைத் தெரிவு செய்பவர் குறைவு. ஆளைத் தெரிவு செய்துவிட்டு அவருக்கு ஏற்ற அளவுகோலைத் தேடுபவரே அதிகம். மைக்கல் ஜோர்டனின் ரசிகர், ஆறு முறை இறுதிச் சுற்றுக்குப் போய் ஆறு முறையும் வென்றாரே என்பார். சம்பியன் பட்டம்தான் கணக்கு என்றால் 11 பட்டங்கள் பெற்ற பில் ரஸலை என்ன செய்வது? அவ்வளவு தூரம் போவானேன், ரொபர்ட் ஹோரி என்ற வீரரிடம் 7 பட்டங்கள் இருக்கின்றன. நட்சத்திர வீரர்களின் வருடாந்த ஆட்டத்துக்கு ஒரு தடவையேனும் தெரிவாகாதவர் அவர்! லெப்ரோன் ஜேம்ஸின் ரசிகர் புள்ளிக் கணக்கை நீட்டுவார். 38,387 புள்ளிகள் என்ற கரீம் அப்துல் ஜப்பாரின் சாதனை 1989 இலிருந்து அசையாமல் நின்றது. 2023 பெப்ரவரியில் அதை முறியடித்தவர் லெப்ரோன். ஆனால் அதே கரீம் ஏறக்குறைய 39 வருடங்கள் முதலிடத்தில் இருந்தபோது, புள்ளிக் கணக்கைக் காட்டி அவரே சிறந்தவர் என்று வாதாடியவர் எத்தனை பேர்?

இந்த மாதம் நாம் எடுத்துக்கொள்வது இந்தப் பெரிய வழக்கை அல்ல. அதற்குள் அடங்கிய ஒரு சிறிய வழக்கை. ஹகீம் ஒலாஜுவோனின் வழக்கு அது.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர் ஹகீம். உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளராகவும் கைப்பந்தாட்ட வீரராகவும் இருந்து, பதினைந்து வயதளவில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1980 இல் அமெரிக்கா சென்று ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1984 ஆம் ஆண்டின் புதுமுகத் தெரிவில் ஹியூஸ்டன் கழகம் முதலாவதாக அவரைத் தெரிவு செய்தது. இரண்டாவது, போர்ட்லண்ட் கழகம் தெரிவு செய்த சாம் போவி. மூன்றாவதாகச் சிக்காகோ தெரிவு செய்தவர்தான் ஜோர்டன். ஜோர்டனைக் கைவிட்ட போர்ட்லண்டை ரசிகர்கள் இன்றும் எள்ளி நகையாடுகிறார்கள். அதே ஜோர்டனைக் கைவிட்ட ஹியூஸ்டனை யாரும் குறை சொல்வதில்லை. இது ஒன்றே ஹகீமுக்குப் போதுமான நற்சான்று என்பேன்.

ஹியூஸ்டன் 1994, 1995 ஆகிய இரண்டு வருடங்களும் சம்பியனானது. பட்டியல் போடுவோர் உடனே கேட்கும் கேள்வி இது: "அப்போது ஜோர்டன் இருந்தாரா?"

கேள்வியின் பின்னணி 1993 இன் ஓய்வுகாலம். அந்த ஜூனில் ஜோர்டனின் சிக்காகோ தொடர்ச்சியாக மூன்றாவது பட்டத்தை வென்றது. ஜூலையில் அவருடைய தந்தை கொலை செய்யப்பட்டார். ஒக்டோபர் 6 ஆம் திகதி, பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில், தாம் விளையாட்டிலிருந்து விலகுவதாக ஜோர்டன் அறிவித்தார். பேஸ்போல் விளையாடப் போனார். 1995 மார்ச்சில் திரும்பி வந்து 1996, 1997, 1998 என்று மறுபடியும் மூன்று பட்டங்கள் வென்றார். ஆக மூன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையின் நடுவே அகப்பட்டுக்கொண்டவர் ஹகீம். ஆண்டவன் வெளியே போன நேரம் பார்த்து அரியணையில் ஏறியவர் என்பதுபோல ஒரு பேச்சு அன்றிலிருந்து அவரைத் தொடர்கிறது.

பேச்சைச் சற்று உரசிப் பார்ப்போம்.

முதலில் 1994. ஜோர்டன் இல்லாத சிக்காகோ ஒன்றும் சிதறிப்போகவில்லை. முந்திய பருவத்தில் 57 ஆட்டங்களை வென்ற அணி, அவரில்லாமல் 55 ஐ வென்றது. அவ்வணியை ஏழு ஆட்டங்கள் வரை போராடி வெளியேற்றியது நியூயோர்க். அந்த நியூயோர்க்கை ஏழு ஆட்டங்கள் போராடி வென்றது ஹியூஸ்டன். நியூயோர்க்கின் நடுவீரர் பற்றிக் இவிங் அக்காலத்தின் தலைசிறந்த வீரர்களில் ஒருவர். ஆயினும் ஏழு ஆட்டங்களிலும் இவிங்கைவிட ஹகீமே கூடுதலான புள்ளிகள் எடுத்தார். ஆறாவது ஆட்டத்தின் கடைசி விநாடியில், நுழைந்தால் நியூயோர்க்குக்கே பட்டம் என்ற நிலையில் ஜோன் ஸ்டார்க்ஸ் எறிந்த பந்தை ஹகீமின் விரல் நுனி தடுத்தது. 86க்கு 84. ஒரே பருவத்தில் அதிசிறந்த வீரர், அதிசிறந்த தற்காப்பு வீரர், இறுதிச் சுற்றின் அதிசிறந்த வீரர் என்ற மூன்று விருதுகளையும் அந்த வருடம் அவர் பெற்றார். இம்மூன்றையும் ஒருசேரப் பெற்ற வேறொருவர் இன்றுவரை இல்லை, ஜோர்டன் உட்பட.

இனி 1995. இந்த வருடத்தைப் பற்றி "ஜோர்டன் இல்லை" என்று சொல்வதே பிழை. அவர் வந்துவிட்டார். திரும்பி வந்த ஐந்தாவது ஆட்டத்திலேயே நியூயோர்க்குக்கு எதிராக 55 புள்ளிகள் குவித்தார். பிறகு ஓர்லாண்டோ அணியிடம் ஆறு ஆட்டங்களில் சிக்காகோ தோற்றது. அந்த ஓர்லாண்டோவை இறுதிச் சுற்றில் நான்குக்குப் பூச்சியம் என்று துடைத்தெறிந்தது ஹியூஸ்டன். பதினேழு மாதங்கள் பந்தைத் தொடாதிருந்தவர் பழைய வேகத்துக்கு வரவில்லை என்பார்கள். அது நியாயமான பேச்சு. ஆனால் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1994 கோடையில் ஹோரஸ் கிராண்ட் சிக்காகோவை விட்டு ஓர்லாண்டோவுக்குப் போய்விட்டார். முதல் மூன்று பட்டங்களிலும் ஜோர்டனுக்குத் தோள்கொடுத்தவர் அவர். சிக்காகோவை வீழ்த்திய அன்று ஓர்லாண்டோ வீரர்கள் கிராண்டைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். அவருடைய இடம் டெனிஸ் ரொட்மனால் நிரப்பப்பட்டது 1995 ஒக்டோபரில். ஜோர்டன் விலகியிருக்காவிட்டால் என்று கற்பனை செய்பவர்கள், கிராண்ட் போயிருக்காவிட்டால் என்றும், ரொட்மன் முன்னரே வந்திருந்தால் என்றும் சேர்த்தே கற்பனை செய்கிறார்கள். ஒரு மனிதர் இல்லாததைப் பற்றிய வாதம் இப்படியே மூன்று மனிதர்களைப் பற்றியதாகிவிடுகிறது!

கற்பனையை விட்டு நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சிறிய கணக்கு இருக்கிறது. சிக்காகோ முதல் மூன்று பட்டங்களை வென்ற பருவங்களில் அந்த அணியும் ஹியூஸ்டனும் சாதாரண ஆட்டங்களில் ஆறு முறை சந்தித்தன. ஐந்து முறை வென்றது ஹியூஸ்டன். ஆறு ஆட்டங்கள் இறுதிச் சுற்றாகிவிடாது; இதை வைத்து ஹகீம்தான் வென்றிருப்பார் என்று நான் சாதிக்க வரவில்லை. ஜோர்டன் நின்றிருந்தால் முடிவு நிச்சயம் என்று சாதிப்பவர்கள் இந்த ஐந்தையும் எங்கே வைப்பார்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த வருடம் ஹியூஸ்டன் தன் பிரிவில் ஆறாம் இடத்திலிருந்து புறப்பட்டது. அவ்வளவு கீழிருந்து வந்து பட்டம் வென்ற அணி வேறு எதுவுமில்லை. சான் அன்ரோனியோவின் டேவிட் ரொபின்சனுக்கு அப்பருவத்தின் அதிசிறந்த வீரர் விருது, ஹியூஸ்டனுடனான இரண்டாவது ஆட்டத்துக்கு முன் மைதானத்திலேயே வழங்கப்பட்டது. ஹகீம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஆட்டத்தில் 41 புள்ளிகள் எடுத்தார். அத்தொடர் முழுவதிலும் ஆட்டமொன்றுக்குச் சராசரி 35.3. பட்டியலில் ரொபின்சனுக்கும் இவிங்குக்கும் மேலே ஹகீமை வைப்பதில் இன்று எவருக்கும் தயக்கம் இல்லை. அவர்களோடு நேருக்கு நேர் நின்றதை எல்லோரும் கண்டார்கள். ஜோர்டனோடு இறுதிச் சுற்றில் நிற்கவில்லை என்பதற்காக அவரிடமிருந்து புள்ளி கழிப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. விலகியவர் ஜோர்டன், கணக்கில் குறைவது ஹகீமுக்கு!

ஓய்வுகாலச் செய்திகளில் நடக்காமல் போன செய்தி ஒன்றும் இந்தக் கதையில் உண்டு. 1992 மார்ச்சில், காயம் என்று சொல்லி ஆட மறுக்கிறார் என ஹியூஸ்டன் கழகம் ஹகீமை இடைநிறுத்தியது. மனமுடைந்த அவர் தம்மை வேறு கழகத்துக்கு மாற்றிவிடும்படி கேட்டார். அந்தக் கோடை முழுவதும் அவர் எங்கே போவார் என்பதே பேச்சு. கழகம் மாற்றவில்லை. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டங்கள் ஜப்பானில் நடந்தன. அங்கு போகும் விமானத்தில் கழக உரிமையாளரும் அவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அவர் அன்று போயிருந்தால் ஹியூஸ்டன் நகருக்கு அந்த இரு பட்டங்களும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. 2016 ஜூலையில் கெவின் டுரான்ட், தம்மைத் தோற்கடித்த கோல்டன் ஸ்டேட் அணியிலேயே போய்ச் சேர்ந்தார். முந்திய பருவத்தில் 73 ஆட்டங்களை வென்ற அணி அது. அதனால் அவர் வென்ற 2017, 2018 பட்டங்களைப் பாதி விலைக்குத்தான் மதிப்போம் என்கிறார்கள் ரசிகர்கள். சரி, இருக்கட்டும். போனவருக்குக் குறைப்பவர்கள், தங்கி நின்று வென்றவருக்குக் கூட்டியல்லவா கொடுக்க வேண்டும்?

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹகீம், கரீம் என்ற பெயர்களைக் கேட்டதும் நமக்கு ஒரு பாசம் பிறக்கிறது. 1995 றமழான் பெப்ரவரி மாதத்தோடு ஏறக்குறைய ஒன்றாக வந்தது. ஆட்ட நாட்களிலும் நோன்பு நோற்ற ஹகீம்தான் அந்தப் பெப்ரவரியின் சிறந்த வீரராகத் தெரிவானார். பகல் ஆட்டமாயின் ஒரு மிடறு தண்ணீரும் கிடையாது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய சம்பவம்தான். ஆனால் பெயருக்காக இடம் கொடுப்பதும் முன்சொன்ன கோளாறேயன்றி வேறல்ல. உதாரணமாக, எதிரணி எறியும் பந்தைத் தட்டி மறிப்பதில் 3,830 என்ற ஹகீமின் எண்ணிக்கையே என்.பி.ஏ.யின் சாதனை. ஆனால் 1973 இல் தொடங்கிய பருவத்திலிருந்துதான் மறிப்புகள் உத்தியோகபூர்வமாக எண்ணப்படுகின்றன. பில் ரஸலும் வில்ட் சேம்பர்லேனும் அதற்கு முன்னரே விளையாடி முடித்தவர்கள். அவர்கள் மறித்தவற்றுக்குக் கணக்கே இல்லை. ஹகீமுக்காக வாதாடுபவர் இதையும் சொல்லிவிட்டுத்தான் வாதாட வேண்டும்.

என்னைக் கேட்டால் ஜோர்டனுக்கு மேலே ஹகீமை வைக்க மாட்டேன். கரீமுக்கு மேலேயும் வைக்க மாட்டேன். ஆறு தடவை அதிசிறந்த வீரர் விருது பெற்றவர் கரீம், அந்த எண்ணிக்கையை எவரும் எட்டவில்லை. ஆனால் முதல் ஐவரைப் பற்றிய பேச்சில் ஹகீமின் பெயர் அரிதாகவே அடிபடுவது அநியாயம். மறிப்பிலும் பந்துப் பறிப்பிலும் தனித்தனியே 2,000ஐக் கடந்தவர் அவர் ஒருவரே. ஏழடி உயரத்தவரின் கால்கள் நடன வேகத்தில் திரும்புவதைப் பழைய ஒளிப்பதிவுகளில் பார்த்தவர்கள், எண்களைத் தேட மாட்டார்கள்.

அந்தக் கால்களின் நுட்பத்தை யார் மதித்தார்கள் என்பதற்கும் கோடைகாலச் செய்திகளே சாட்சி. 2009 கோடையில், அப்போதுதான் நான்காவது பட்டம் வென்றிருந்த கோபி பிரையன்ட், ஓய்வுபெற்ற ஹகீமிடம் பாடம் கேட்க ஹியூஸ்டனுக்குப் போனார். 2011 ஜூனில் டலஸ் அணியிடம் இறுதிச் சுற்றில் தோற்று நாடெங்கும் ஏளனத்துக்கு ஆளான லெப்ரோன் ஜேம்ஸ், அதே கோடையில் அதே வாசலைத் தட்டினார். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, தோளால் ஒரு பக்கம் ஏமாற்றி மறுபக்கம் திரும்பும் வித்தையை நாற்பத்தெட்டு வயது ஹகீம் அவருக்குச் செய்து காட்டினார். அடுத்த வருடம் லெப்ரோனுக்கு முதலாவது பட்டம் கிடைத்தது.