துள்ளுகிற மீனெல்லாம் நல்ல மீன் இல்லை



போன ஞாயிறு கும்மிடிப்பூண்டியில் என்னிடம் படித்த ஒருவரைப் பார்த்தேன். சிப்காட்டில் வேலை. கையில் மீன் பை. "உயிரோட இருந்ததை வெட்டி வாங்கினேன் சார், விலையும் கம்மி" என்றார். பார்த்தால், ஆப்பிரிக்கன் கெளுத்தி. மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

இந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே மரக்கிளை போல ஓர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும். கட்லா, ரோகு செத்து மிதக்கிற சாக்கடைத் தண்ணீரிலும் இது பிழைத்துக்கொள்ளும். ஆகவே அது துள்ளுவதை வைத்து, வளர்ந்த தண்ணீர் சுத்தம் என்று முடிவு கட்டக் கூடாது. கோழிக்கழிவைப் போட்டே இதை வளர்ப்பவர்கள் உண்டு. ஆலைகள் சூழ்ந்த நம் வட்டாரத்தில், எந்தக் குட்டையில் வளர்ந்தது என்று யாரிடம் கேட்பது?

1997-லேயே மத்திய அரசு இதைத் தடை செய்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் வளர்ப்பை ஒழிக்கச் சொல்லியிருக்கிறது. காரணம், அகப்பட்டதையெல்லாம் தின்னும். ஐப்பசி மழையில் குட்டை உடைந்தால் ஏரிக்குப் போகும். ஏரி கலங்கல் போனால் ஆரணியாற்றுக்கும் போகும். அப்புறம் நம் ஊர்ச் சிறுமீன்களின் கதி?

"ஏழைக்குக் கிடைக்கிற மலிவு மீனையும் கெடுக்கிறீர்களா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாங்குகிறவர் மேல் எனக்குக் கோபமில்லை; பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்து வருகிறவர் விலையைத்தான் பார்ப்பார். ஆனால் தடை போட்டதோடு அரசின் கடமை முடியவில்லை. நம் தேளியும் விராலும் காற்றைச் சுவாசிக்கிற மீன்கள்தான், சிறு குளத்திலும் வளரும். தேளியை வங்காளத்தில் சிங்கி என்பார்கள். நோயில் இருந்து தேறுகிறவர்களுக்குக் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே இருக்கிறது. குஞ்சும் பயிற்சியும் கடனும் நம் ஊர்க் குளத்துக்காரர்களுக்குக் கிடைத்தால் மலிவாகவும் நல்லதாகவும் மீன் வரும்.

அதுவரை ஓர் அடையாளம் சொல்கிறேன். தேளியின் முதுகுத் துடுப்பு சின்னது, தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். ஆப்பிரிக்கன் கெளுத்திக்கு அது முதுகு நெடுக ஓடும். வாங்கும்போது முதுகைப் பாருங்கள். "எந்தக் குளத்து மீன்?" என்றும் கேளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்கியவர்கள்கூட மீன் கடையில் தயங்க வேண்டாம்.